சிரிக்காத ஆளைத் தேடுங்கள்: தொலைக்காட்சி ஸ்கிட்டைப் பிரித்துப் பார்த்துச் சொந்தமாக ஒன்று எழுத முழுமையான வழிகாட்டி

பொங்கலை ஒட்டி மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்து ஊர்களில் இளைஞர்கள் நடத்தும் கலைநிகழ்ச்சிகளில், நடனங்களுக்கும் பரிசளிப்புக்கும் நடுவே ஒரு ஸ்கிட், அதாவது சிறு நகைச்சுவை நாடகம், தவறாமல் இடம்பெறும். மதுரைக் கல்லூரிகளின் ஆண்டு விழாக்களிலும் இதே வழக்கம்தான். அந்த ஸ்கிட் பெரும்பாலும் தொலைக்காட்சியில் பார்த்த ஒன்றின் நகலாகவே இருக்கும். வசனமும் மாறாது, குரலும் மாறாது. முதல் இரண்டு நிமிடங்களுக்கு நல்ல கைதட்டல் கிடைக்கும். அது அந்த நிகழ்ச்சியை நினைவூட்டியதற்கான கைதட்டல். பிறகு கூட்டம் தன் பாட்டுக்குப் பேசத் தொடங்கிவிடும். வசனத்தை எடுத்துக்கொண்டவர்கள், அந்த வசனத்துக்குச் சிரிப்பை வரவழைத்த ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள் என்பதே இதற்குக் காரணம்.

உங்களுக்குப் பிடித்த ஒரு தொலைக்காட்சி ஸ்கிட்டை எடுத்து, அது எந்த இடத்தில் எதனால் சிரிக்க வைக்கிறது என்று கண்டறிந்து, அதே ஏற்பாட்டில் உங்கள் ஊருக்கென்று பத்து நிமிட ஸ்கிட் ஒன்றை எழுதி மேடையேற்றும் வரை உள்ள வேலைகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிட்டில் வேடிக்கை செய்பவரைவிட, நடப்பது வேடிக்கை என்றே தெரியாமல் முழு அக்கறையோடு நிற்பவர்தான் முக்கியம். கீழே சொல்லப்படும் எல்லா வேலைகளும் அந்த ஆளைக் கண்டுபிடிப்பதற்கும் காப்பாற்றுவதற்கும்தான்.

படி 1: எதை எடுப்பது

இரண்டாம் முறை பார்க்கும்போதும் உங்களைச் சிரிக்க வைத்த ஒன்றை எடுங்கள். முதல் முறை வரும் சிரிப்பில் எதிர்பாராமைக்கும் பங்குண்டு. இரண்டாம் முறையும் சிரிப்பு வந்தால் உள்ளே ஏதோ ஓர் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். ஐந்து முதல் பத்து நிமிடம் வரை நீளமுள்ளதாக இருந்தால் பிரித்துப் பார்க்க எளிது.

பலரும் முதலில் நாடுவது விஜய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா'வைத்தான். 2000-களில் ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சியிலிருந்துதான் சந்தானம் திரைக்குப் போனார். யோகி பாபுவும் அங்கே சிறு வேடங்களில் தலைகாட்டியவர். அது எனக்கும் மிகப் பிடித்த நிகழ்ச்சி. ஆனாலும் பாடம் படிக்கத் தொடங்குபவர் அதை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். ஒரு திரைப்படத்தைக் கேலி செய்யும் பகுதியில், பாதிச் சிரிப்பு அந்தப் படத்தைப் பார்த்த நம் நினைவிலிருந்து வருகிறது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியே பிரித்தறிவது தொடக்கக்காரருக்குக் கடினம். அதில் நடித்த மனோகர் கைகால்களை வெட்டி வெட்டி இழுத்து நடந்து வருவதையோ சாமிநாதன் பொறுமையாக ஏமாறுவதையோ பார்த்துவிட்டு, 'விசித்திரமாக நடந்தால் சிரிப்பு வரும்' என்று தவறான முடிவுக்கு வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இதைவிடப் பயன்படுவது, அதே தொலைக்காட்சியின் 'அது இது எது' நிகழ்ச்சியில் வந்த 'சிரிச்சா போச்சு' சுற்று. நகைச்சுவை நடிகர்கள் வேடமிட்டு வந்து பேசுவார்கள், எதிரே நிற்கும் விருந்தினர் சிரிக்கக் கூடாது, சிரித்தால் தோல்வி. விதி இவ்வளவுதான். சிவகார்த்திகேயன் தொகுத்து வழங்கிய காலத்திலிருந்தே அந்தச் சுற்றில் மதுரைப் பக்கத்து நடிகர்களின் கைதான் ஓங்கியிருந்தது. இயந்திர மனிதனைப் போல அசைந்து ஊர் ஊராக மேடையேறியதால் அந்தப் பெயரைப் பெற்ற ரோபோ சங்கர், வடிவேலுவின் உடல்மொழியைத் தனதாக்கிக்கொண்ட வடிவேல் பாலாஜி, அரிட்டாபட்டிக்காரரான ராமர் ஆகியோர் அந்தச் சுற்றின் வழியாக வீடுதோறும் தெரிந்த முகங்களானார்கள். அவற்றில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அது நல்ல பாடம் என்பதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 2: மூன்று விதமாகப் பாருங்கள்

முதல் முறை வழக்கம்போலப் பாருங்கள். ஆனால் கையில் ஒரு தாள் இருக்கட்டும். உங்களுக்குச் சிரிப்பு வந்த இடத்தில் நேரத்தை மட்டும் குறியுங்கள். காரணம் எழுத வேண்டாம். காரணம் எழுதத் தொடங்கினால் அடுத்த சிரிப்பைத் தவறவிடுவீர்கள்.

இரண்டாம் முறை ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். குறித்த நேரங்கள் வரும்போது யார் அசைகிறார், யார் அசையாமல் நிற்கிறார், யாருடைய முகத்தை கேமரா காட்டுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலான இடங்களில், வசனத்தைச் சொன்னவருடைய முகத்தைக் காட்டாமல் கேட்டவருடைய முகத்தைத்தான் காட்டியிருப்பார்கள். இந்தக் கலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் படத்தொகுப்பாளர்களுக்குச் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். இப்போது இரண்டு செயற்கைப் பொருள்கள் உங்கள் காதில் விழும்: ஒன்று, வசனம் முடிந்ததும் வந்து விழும் 'டொய்ங்' என்பது போன்ற ஒலிகள், மற்றொன்று, பதிவு செய்து ஒட்டப்பட்ட சிரிப்பொலி. இந்த ஒட்டுச் சிரிப்பு நம் ஊரில் பிறந்ததன்று. அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் இதற்கென்றே ஒரு பெட்டியை உருவாக்கி, விசைகளை அழுத்தி வகைவகையான சிரிப்புகளை நிகழ்ச்சிகளில் சேர்த்தார். அந்த வழக்கம்தான் உலகெங்கும் பரவியது. உங்கள் மேடையில் அந்தப் பெட்டி இருக்காது. ஆகவே ஒட்டுச் சிரிப்பு கேட்ட இடங்களில் நீங்களும் சிரித்தீர்களா என்று தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சிரிக்காமல் பெட்டி மட்டும் சிரித்த இடங்களைத் தயக்கமின்றி அடித்துவிடலாம்.

படி 3: கோணல் விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நல்ல ஸ்கிட் ஒவ்வொன்றிலும், நடைமுறை உலகத்திலிருந்து ஒரே ஒரு விதி மட்டும் கோணலாக இருக்கும். மற்றவை அனைத்தும் நேராக இருக்கும். அந்தக் கோணலைக் கண்டுபிடித்து ஒரு வாக்கியத்தில் எழுத முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கிலாந்தில் பி.பி.சி. ஒளிபரப்பிய 'மான்ட்டி பைத்தான்' நிகழ்ச்சியில், 1969 டிசம்பரில் வந்த செத்த கிளி ஸ்கிட்டை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். சற்று முன்பு வாங்கிய கிளி செத்துக்கிடக்கிறது என்று முறையிட ஒருவர் கடைக்கு வருகிறார். கடைக்காரரோ அது தூங்குகிறது, ஓய்வெடுக்கிறது, சொந்த நாட்டை நினைத்து ஏங்குகிறது என்று வரிசையாகக் காரணம் சொல்கிறார். 'கண்ணெதிரே கிடக்கும் உண்மையைக் கடைசி வரை ஒப்புக்கொள்வதில்லை' என்பதுதான் அங்கே கோணல் விதி. விற்ற காரின் குறையை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஓர் ஆளைப் பற்றி, அந்தக் குழுவில் ஒருவரான மைக்கேல் பாலின் சொன்னதுதான் அதற்கு மூலம். முதலில் கார் விற்பனையாளர் காட்சியாக எழுதப்பட்டது பின்னாளில் கிளிக்கடையாக மாறியது. அதாவது, பொருள் மாறினாலும் விதி மாறவில்லை.

இதே விதியில் இயங்கும் ஒன்றை நாம் எல்லாரும் மனப்பாடமாக அறிவோம். 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில், இரண்டு பழம் வாங்கச் சொல்லி அனுப்பிய கவுண்டமணிக்கு முன்னால் ஒரு பழத்தோடு நிற்கும் செந்தில், மற்றொரு பழத்துக்குக் கணக்குச் சொல்லும் காட்சிதான் அது. தொலைக்காட்சிகள் அதை எத்தனை முறை மறுஒளிபரப்புச் செய்தும் அலுக்காததற்குக் காரணம், செந்தில் அங்கே ஏமாற்றுபவராக நடிக்கவில்லை. தம் பதில் முற்றிலும் சரியானது என்று நம்புபவராக, கேட்பவருக்கு ஏன் இது விளங்கவில்லை என்று உண்மையிலேயே வருந்துபவராக நிற்கிறார். இங்கிலாந்துக் கிளிக்கடையும் கரகாட்டக் குழுவும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நீங்கள் எடுத்த ஸ்கிட்டுக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'இவர் காமெடியானவர்', 'இவருக்குக் கோபம் அதிகம்' என்று எழுதினால் அது விதியன்று, குணம். 'இவர் எந்தக் கேள்விக்கும் முந்தைய கேள்வியின் பதிலையே சொல்வார்' என்பது விதி. விதி இரண்டாகத் தோன்றினால், பெரும்பாலும் அந்த ஸ்கிட் நடுவில் தொய்ந்திருக்கும். நேரத்தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படி 4: சிரிக்காத ஆளைக் கண்டுபிடியுங்கள்

இந்த இடத்தில் சற்று நிதானமாக நிற்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இதற்கான பாடம் தொலைக்காட்சிக்கு வெகு காலம் முன்பே கிடைத்துவிட்டது.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவை நிறுவியது மதுரையில்தான். அவருடைய வள்ளி திருமணம் முதலான நாடகங்கள் இன்றும் ஸ்பெஷல் நாடகங்களாக இந்த வட்டாரத்துத் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கின்றன. கதாநாயக, கதாநாயகி வேடங்களான ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வருவதற்கு முன்னால், பபூன் என்னும் கோமாளி மேடைக்கு வந்து கூட்டத்தைப் பிடித்து வைப்பார். பிறகு டான்ஸ் நடிகை வருவார். இருவரும் வழியில் மோதிக்கொண்டு வாக்குவாதம் தொடங்கும். இந்த நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். தனித்தனியாக அழைக்கப்பட்டு, பெரும்பாலும் ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். அப்படியும் காட்சி குலையாமல் நடப்பதற்குக் காரணம், எலும்புக்கூடு எல்லாருக்கும் தெரியும்; வசனம் மட்டுமே அன்றன்றைக்கு மாறும்.

அடுத்த முறை ஸ்பெஷல் நாடகம் பார்க்க வாய்த்தால், பபூனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஆர்மோனியத்தோடு அமர்ந்திருப்பவரைப் பாருங்கள். பபூன் தனியாகப் பேசும் நேரத்தில் 'ஆமா', 'அப்புறம்', 'அதெப்படி' என்று கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். அவருடைய முகத்தில் சிரிப்பு இருக்காது. பபூன் எவ்வளவு அபத்தமாகப் பேசினாலும், ஊர்ப் பெரியவர் ஒருவர் வழக்கு விசாரிப்பதைப் போல அவர் கேட்பார். அந்த அக்கறையால்தான் பபூனின் பேச்சு ஒரு தகவலைப் போல நமக்கு வந்து சேர்கிறது. தகவலின் உடையில் வந்த அபத்தம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆர்மோனியக்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டால், அது இருவர் தமக்குள் பேசிச் சிரிப்பதாகிவிடும்; பார்ப்பவர் வெளியே நின்றுவிடுவார்.

'சிரிச்சா போச்சு' செய்ததும் இதைத்தான். ஆர்மோனியக்காரரின் இடத்தில் ஒரு விருந்தினரை நிறுத்தி, சிரிக்கக் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க நிற்கும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வீட்டில் இருப்பவர்கள் சிரித்தார்கள். வசனம் சுமாராக இருந்த நாள்களிலும் அந்தச் சுற்று தோற்காததற்கு இதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. விருந்தினர் சிரிப்பை அடக்குகிறார். ஸ்கிட்டில் நடிப்பவருக்கோ சிரிப்பே வரவில்லை. உங்கள் மேடையில் வேண்டியது இரண்டாவது வகை. 'சிரிப்பை அடக்கு' என்று நடிகரிடம் சொன்னால் அவர் அடக்குவதை நடித்துக் காட்டுவார். அது இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும். மாறாக, அவருக்கு ஓர் அவசர வேலையைக் கொடுங்கள். ரயிலைப் பிடிக்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும், பெண் பார்க்கப் போக வேண்டும் என்று ஏதோ ஒன்று. அவசரம் உள்ளவனுக்குச் சிரிக்க நேரமில்லை. முகம் தானாகவே இறுகிவிடும்.

இப்போது நீங்கள் எடுத்துக்கொண்ட ஸ்கிட்டுக்குத் திரும்பி, அதில் மிகக் குறைவாகச் சிரிக்கும் ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். சில ஸ்கிட்டுகளில் இருவருமே சிரிக்காதவர்களாக இருப்பார்கள். அவைதான் மிகச் சிறந்தவை.

படி 5: ஏற்றத்தை அளவெடுங்கள்

கோணல் விதி முதல் அரை நிமிடத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். பிறகு அது ஏறிக்கொண்டே போக வேண்டும். நேரத்தாளில் உள்ள சிரிப்புகளை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிட எப்படிப் பெரிதாகியிருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். தொகை ஏறலாம், ஆள் கூடலாம், இழப்பு பெரிதாகலாம். வசனம் மட்டும் புதிதாகி நிலைமை அதே இடத்தில் நின்றால், கூட்டம் மூன்றாவது முறையோடு விலகிவிடும். இதற்கு மேல் இந்தப் படியில் விளக்க ஒன்றுமில்லை; எழுதும்போதுதான் பிடிபடும்.

படி 6: உங்கள் ஊரிலிருந்து விதி எடுத்து எழுதுங்கள்

கோணல் விதியைக் கற்பனையில் தேடாதீர்கள். உங்கள் ஊரில் தினமும் நடப்பதை, ஒரு சுற்று கூடுதலாக முறுக்கினால் போதும். மதுரையில் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இன்னும் ஒரே ஓர் ஆள் ஏறினால் வண்டி கிளம்பிவிடும். இதை விதியாக எழுதினால், 'இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்பது எப்போதும் உண்மை' என்று வரும். சிரிக்காத ஆள் யார் என்றால், மாட்டுத்தாவணியிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போக வேண்டிய, ரயிலுக்கு நேரமாகிவிட்ட பயணி. ஓட்டுநரும் சிரிக்கக் கூடாது. அவர் தம் தொழிலை நேர்மையாகச் செய்பவர்.

மேடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை நெருக்கிப் போட்டால் அதுவே ஆட்டோ. தொடக்கம் இப்படி இருக்கலாம்:

ஓட்டுநர்: ஸ்டேஷன், ஸ்டேஷன், பெரியார், ஸ்டேஷன்! வாங்கண்ணே, ஏறுங்க. ஒரே ஒரு ஆளு, கிளம்பிரலாம்.

பயணி: உடனே கிளம்பிருமாண்ணே? ட்ரெயினுக்கு நேரமாச்சு.

ஓட்டுநர்: நீங்கதாண்ணே அந்த ஒரு ஆளு. உக்காருங்க.

(பயணி நிம்மதியாக உட்காருகிறார்.)

ஓட்டுநர்: ஸ்டேஷன், ஸ்டேஷன்! ஒரே ஒரு ஆளு!

பயணி: அண்ணே, நான்தான அந்த ஒரு ஆளு?

ஓட்டுநர்: அது நீங்க ஏறுறதுக்கு முன்னாடிண்ணே. இப்ப நீங்க உள்ள இருக்க ஆளு. நான் வெளிய இருக்க ஆளக் கூப்பிடுறேன்.

இந்தக் கடைசி வரியில் நகைச்சுவைச் சொல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுநர் பொறுமையாக விளக்குகிறார். விளக்கம் தர்க்கப்படி சரியாகவும் இருக்கிறது. பயணியால் மறுத்துப் பேச முடியவில்லை. அடுத்து ஏற்றம். பூக்கூடையோடு ஓர் அக்கா ஏறுகிறார். பெரிய பையோடு ஒரு மாணவன் ஏறுகிறான். ஒவ்வொரு முறையும் 'ஒரே ஒரு ஆளு' தொடர்கிறது. பயணி, 'இடமே இல்லையேண்ணே' என்கிறார். இங்கே எழுதுபவருக்கு உடனே தோன்றும் பதில், 'இடம் ஆட்டோவுல இல்லண்ணே, மனசுல இருக்கணும்' என்பது. கைதட்டலும் கிடைக்கும். ஆனாலும் அதை அடித்துவிடுங்கள். அந்த வரியைச் சொல்லும் ஓட்டுநருக்குத் தாம் வேடிக்கை செய்கிறோம் என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவரை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக அவர் காரியத்தில் இறங்கட்டும்:

ஓட்டுநர்: அக்கா, நீங்க அங்கிட்டு தள்ளி உக்காருங்க. தம்பி, அக்காவோட கூடைய நீ வாங்கிக்க. அண்ணே, தம்பியோட பைய நீங்க வாங்கிக்கங்க. அக்கா, அண்ணனோட பெட்டிய நீங்க வாங்கிக்கங்க. இப்பப் பாருங்க, யாரு கையிலயும் அவுங்க சாமான் இல்ல. எடம் வந்துருச்சா?

மூவரும் அடுத்தவர் சுமையை வைத்துக்கொண்டு, ஏதோ வசதி கூடிவிட்டதாக ஒரு கணம் நம்பித் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டலில்தான் சிரிப்பு வரும், அதை அவசரப்படுத்தாதீர்கள்.

மரியாதைச் சொற்களை மாற்றிவிடாமல் இருப்பதும் இங்கே முக்கியம். ஓட்டுநர் பயணியை 'அண்ணே' என்கிறார், பயணியும் அவரை 'அண்ணே' என்கிறார். கோபம் உச்சத்துக்குப் போனாலும் அந்த 'அண்ணே' போகாது. 'என்னண்ணே இது அநியாயமா இருக்கு' என்று மரியாதை குறையாமல் கொதிப்பது இந்த ஊரின் இயல்பு. 'டேய்' என்று இறங்கிவிட்டால் அது சண்டைக் காட்சியாகிவிடும்.

படி 7: முடிவு

ஸ்கிட்டில் மிகக் கடினமான பகுதி இதுதான். தொலைக்காட்சியில் முடிவு சரியாக அமையாவிட்டால் இசையைக் கூட்டி, நடுவரைக் காட்டி, விளம்பரத்துக்குப் போய்விடலாம். மான்ட்டி பைத்தான் குழுவினர் முடிவே வேண்டாம் என்று தீர்மானித்து, டெர்ரி கில்லியம் செய்த படங்களை வெட்டி ஒட்டி அசைய வைத்த சித்திரங்களைக் கொண்டு ஒரு ஸ்கிட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினார்கள். ஊர் மேடையில் இந்த வசதிகள் இல்லை. எல்லாரும் வரிசையாக நின்று 'ஆகவே மக்களே' என்று கருத்துச் சொல்லி முடிப்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். தலைக்கவசம், மரம் நடுதல், மது ஒழிப்பு என்று எதிலாவது கொண்டுபோய் முட்டுவார்கள். அந்தக் கருத்துகளின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை; ஆனால் பத்து நிமிடம் கட்டிய சிரிப்பை அவை அரை நிமிடத்தில் கரைத்துவிடுகின்றன.

நம்பகமான வழி ஒன்று உண்டு. கோணல் விதியை, அதைக் கடைப்பிடித்த ஆளின் மேலேயே திருப்பிவிடுங்கள். நம் ஆட்டோவில் கடைசியாக ஒரு பாட்டி வருகிறார். எங்குமே இடமில்லை. ஓட்டுநர் யோசிக்கிறார், தம் இருக்கையைப் பார்க்கிறார், பாட்டியை அதில் உட்கார வைக்கிறார்.

ஓட்டுநர்: இப்பத்தாண்ணே சரியா ஃபுல்லு ஆயிருக்கு.

பயணி: நீங்க எப்பிடிண்ணே வருவீங்க?

(மேடையின் மறுபுறத்திலிருந்து ஒரு குரல்: 'ஸ்டேஷன், ஸ்டேஷன்! ஒரே ஒரு ஆளு!')

ஓட்டுநர்: இந்தா வந்துட்டேன்! உடனே கிளம்பிருமாண்ணே?

குரல்: நீங்கதாண்ணே அந்த ஒரு ஆளு. உக்காருங்க.

அதோடு விளக்கை அணைத்துவிட வேண்டும். விளக்கை அணைக்கும் வசதி இல்லையென்றால், நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, அந்த வரி முடிந்ததும் பாட்டைப் போடச் சொல்லுங்கள். நடிகர்கள் கும்பிட்டபடி அசடு வழிய நிற்கும் அந்தச் சில நொடிகள் எந்த நல்ல முடிவையும் கெடுத்துவிடும்.

படி 8: வெட்ட வேண்டியவற்றை வெட்டுங்கள்

எழுதி முடித்த தாளை எடுத்து, உடல் பருமன், நிறம், உயரம், பல், வழுக்கை ஆகியவற்றைச் சுட்டும் வரிகளின் கீழ்க் கோடிடுங்கள். ஆண் பெண் வேடமிடுவதையே சிரிப்பாக நம்பியிருக்கும் இடங்களையும் மனைவியை வசைபாடும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் தொலைக்காட்சி நகைச்சுவையின் பெரும் பகுதி இவற்றின் மேல்தான் நின்றது. எனக்குப் பிடித்த நிகழ்ச்சிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. இப்போது கோடிட்ட வரிகளை நீக்கிவிட்டுப் படியுங்கள். ஸ்கிட் அப்படியே நின்றால் அந்த வரிகள் தேவைப்படவில்லை என்று தெரிந்துவிடும். விழுந்துவிட்டால் உங்களிடம் கோணல் விதியே இல்லை என்று பொருள், மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். அறத்தை விட்டுவிட்டுத் தொழிலாக மட்டும் பார்த்தாலும், உருவக்கேலி ஏறாது என்பதே அதன் பெரிய குறை. ஒருவரை ஒருமுறை குண்டு என்று சொன்ன பிறகு, இரண்டாம் முறை அதைவிடப் பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

ஊர் மேடைக்கென்று இன்னொரு சல்லடையும் வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் பெயர், தெரு, சமூகம், கட்சி ஆகியவற்றைத் தொடும் எந்த வரியும் கூடாது. பொதுவாகச் சொன்னதைக்கூட யாரேனும் தம்மைச் சொன்னதாக எடுத்துக்கொண்டால், அன்றைய நிகழ்ச்சி அங்கேயே நின்றுவிடும். ஒத்திகையின்போதே ஊர்ப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிடுவது நல்லது.

படி 9: மைக், மேடை, ஒத்திகை

தொலைக்காட்சிக் கலைஞர்கள் சட்டையில் மாட்டிய மைக்கோடு ஓடியாடி நடிக்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு மைக்குகள். ஆகவே ஆட்டோவை அந்த மைக்குகளுக்கு நேர் பின்னால் அமையுங்கள். பேச வேண்டிய பயணி ஒரு மைக்குக்கு அருகிலும், ஓட்டுநர் மற்றொன்றுக்கு அருகிலும் இருக்கட்டும். பூக்கூடை அக்காவுக்கும் மாணவனுக்கும் வசனத்தைக் குறைத்து உடல்வேலையைக் கூட்டுங்கள். கையில் பிடிக்கும் மைக்கை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்துக்கொண்டு நடிக்கவே கூடாது. மைக் கை மாறும் நேரத்தில் பதிலின் வேகம் போய்விடும்.

சிரிப்பு எழும்போது அடுத்த வசனத்தைத் தொடங்காமல் நிற்கப் பழகுவதற்கே தனி ஒத்திகை வேண்டும். சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் இடத்தில் அடுத்த வரி விழ வேண்டும். முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். காத்திருக்கும் அந்த நொடிகளில் பயணி கைக்கடிகாரத்தைப் பார்க்கட்டும், ஓட்டுநர் ஆள் தேடட்டும். கூட்டத்தைப் பார்த்து எவரும் புன்னகைக்கக் கூடாது. எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராவிட்டால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும், வரியைத் திரும்பச் சொல்லக் கூடாது.

ஒத்திகையில் சிரிப்பு வருவது இயல்பு. சிரித்துச் சிரித்து அலுத்துப் போகும் வரை செய்யுங்கள். நடிப்பவர்களுக்கே அது சிரிப்பாகத் தெரியாத நாளில்தான் ஸ்கிட் மேடைக்குத் தயாராகிறது. அன்றைக்கும் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தால், அவருக்குப் பாட்டி வேடத்தைக் கொடுங்கள்; முக்காட்டைச் சற்று இழுத்துவிட்டுக்கொண்டால் தெரியாது.

மேடையேற்றத்தை ஒரு கைப்பேசியில் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள்; ஆனால் கேமராவை மேடைக்குத் திருப்ப வேண்டாம், கூட்டத்தை நோக்கி வையுங்கள். வசனம் எப்படியும் அதில் கேட்கும். மறுநாள் அதைப் போட்டுப் பார்த்து, பழைய நேரத்தாளைப் போலவே இன்னொன்று எழுதுங்கள். எந்த வரிக்குப் பெண்கள் வரிசை சிரித்தது, எதற்குச் சிறுவர்கள் மட்டும் சிரித்தார்கள், எந்த இடத்தில் தலைகள் திரும்பின என்பவை அதில் கிடைத்துவிடும். தலைகள் திரும்பிய இடத்துக்கு முந்தைய வரியை வெட்டிவிட்டு, சித்திரைத் திருவிழாவுக்கு அதே ஸ்கிட்டை மறுபடி போடலாம்.